பூஜ்ஜியத்தை எடுத்துவிட்ட ஆபீஸ்

மதிப்புக்கும் பயத்துக்கும் உரிய குப்புசாமி மாமா அவர்களுக்கு, மைசூரிலிருந்து உங்கள் தங்கை மகள் மனிஷா வணங்கி எழுதுவது. இங்கே நான் நலம். சாமுண்டி மலையும் ஹெப்பால் தொழிற்பேட்டையும் வைத்தது வைத்தபடி நலம். அங்கே மாதேஸ்வரன் மலையில் தங்கள் நலமும், பொன்னம்மா அத்தையின் மூட்டுவலி நலமும், லாட்ஜின் தண்ணீர் மோட்டார் நலமும் அறிய ஆவலாக இருக்கிறேன்.

நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரலைக் கேட்டேன். விடுதியில் எல்லாருமே கேட்டார்கள். நீங்கள் பேசினால் போனைக் காதில் வைக்க வேண்டிய அவசியம் இல்லை. "ஏம்புள்ள மனிசா, என்னத்தப் பண்ணித் தொலச்ச? உங்க ஆபீசு மேனேஜரு விஜய்குமார் சாரு காலங்காத்தால போன் பண்ணி, உங்க ஹுடுகி, அதான் உங்க பொண்ணு, ரூட்டரைத் தொட்டு ஆபீசையே நிறுத்திப்போட்டாங்கறாரு. ரூட்டருன்னா என்ன, அதை நீ எதுக்குத் தொட்ட? போன்ல கேட்டா நீ 'ம்'முங்கறதத் தவுத்து வாயத் தொறக்க மாட்ட. எழுதி மலை பஸ்ஸுல குடுத்தனுப்பு, கண்டக்டர் லாட்ஜுல குடுத்துருவாரு. ஒண்ணு தெரிஞ்சுக்கோ கண்ணு, தீபாவளிக்குள்ள வேலை நெரந்தரம் ஆகலீன்னா பொட்டியக் கட்டிக்கிட்டு ஹனூருக்கு வந்து சேரு. உன்னயப் பொண்ணு கேட்ட உதயகுமார் ஊட்டுல எத்தன நாளைக்குத்தான் நான் சாக்குச் சொல்லுறது?" என்று கேட்டிருந்தீர்கள். அதற்குத்தான் இந்தக் கடிதம். அப்பா உங்களைக் கேட்காமல் ஆட்டுக்குட்டிகூட வாங்க மாட்டார். நீங்கள் "இருக்கட்டும்" என்றால் நான் மைசூரில் இருப்பேன், "வரட்டும்" என்றால் வந்துவிடுவேன். ஆகவே பொறுமையாகப் படித்துவிட்டுப் பிறகு கோபப்படவும்.

முதலில் ரூட்டர் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். உங்கள் லாட்ஜை வைத்தே சொன்னால் உங்களுக்கும் சந்தோஷமாக இருக்கும். எங்கள் ஆபீசில் ஒரு இரும்புப் பெட்டி இருக்கிறது. வெளியுலகத்திலிருந்து வருகிற நெட் அந்தப் பெட்டிக்குள் போய், யாருக்கு எது என்று பிரித்து அனுப்பப்படும். பெட்டியின் பின்பக்கம் நான்கு அறைகள், கீழே இரண்டு, மாடியில் இரண்டு. அறையை ஸ்லாட் என்பார்கள். வேண்டிய கார்டை வாங்கி ஸ்லாட்டில் செருகிக்கொள்ளலாம், வேண்டாமென்றால் உருவிவிட்டுத் தகடு போட்டு மூடிவிடலாம். கார்டில் கேபிள் மாட்டுகிற வாய்க்கு போர்ட் என்று பெயர். 2/1 என்று எழுதியிருந்தால் இரண்டாம் ஸ்லாட், ஒன்றாம் போர்ட். நீங்கள் "ஆறாம் ரூம், சன்னலோரக் கட்டில்" என்று சொல்வீர்களே, அதேதான். இதுவரை நியாயம். எண்ணிக்கை ஒன்றில் தொடங்காமல் பூஜ்ஜியத்தில் தொடங்குவதுதான் அநியாயம். அந்தப் பூஜ்ஜியமும் நாம் எழுதத் தொடங்குகிற இடது மேல் மூலையில் உட்காராமல், யாரும் பார்க்காத வலது கீழ் மூலையில் போய் உட்கார்ந்திருக்கிறது. கீழே வலது 0, கீழே இடது 1, மாடி வலது 2, மாடி இடது 3. போர்ட்டுகளும் வலமிருந்து இடமாகத்தான். பெட்டி தன் முன்பக்கத்திலிருந்து தன்னைப் பார்த்து எண்ணிக்கொள்கிறதோ என்னவோ, பின்னால் நின்று கேபிள் மாட்டுகிற நம்மை அது ஒரு ஆளாகவே மதிக்கவில்லை. ஆனால் ஒரு நல்ல குணம் உண்டு மாமா. ஸ்லாட் காலியாகக் கிடந்தாலும் அதன் எண் அதற்குத்தான். பக்கத்து அறை நகர்ந்து வந்து அந்த எண்ணைப் பிடுங்கிக்கொள்ளாது. எங்கள் ஆபீசில் ஒருவர் டீ குடிக்கப் போய்விட்டு வந்தால் நாற்காலி இருக்காது.

எங்கள் பெட்டியில் 0 தான் தலைவாசல், வெளியுலக நெட் அதன் வழியாகத்தான் வரும். 2 காலி, தகடு போட்டு மூடியிருக்கும். 1 கீழ்த்தளத்துக்கு. 3 மாடிக்கு. அந்த மூன்றாம் ஸ்லாட்டில் இருக்கிற கார்டு மட்டும் வேறொரு ஆபீஸ் கழித்துக்கட்டியதை விஜய்குமார் சார் சல்லிசாகப் பிடித்துக்கொண்டு வந்தது. அதன் ஒரு ஓரத்துப் போர்ட் சாரின் அறைக்கு, நடுப் போர்ட் மீட்டிங் ரூமுக்கு, மறு ஓரத்துப் போர்ட் பயிற்சியில் இருக்கிற நாங்கள் உட்காரும் ஹாலுக்கு. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

இப்போது ஆயுத பூஜை. மைசூரில் தசரா என்றால் ஊரே விளக்குப் போட்டுக்கொண்டு நிற்கும், எங்கள் ஆபீஸ் மட்டும் சும்மா இருக்குமா? கம்ப்யூட்டர், ஜெராக்ஸ் மிஷின், காபி மிஷின், லிஃப்ட் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்து முடித்ததும், ரூட்டருக்கும் செய்ய வேண்டும் என்று சார் சொன்னார். துடைக்கிற தேவம்மா துணியோடு வந்து நின்று, "சார், இதுக்கு மூஞ்சி எந்தப் பக்கம்?" என்று கேட்டார். அதைவிட நல்ல கேள்வியை அன்றைக்கு வேறு யாரும் கேட்கவில்லை. விளக்கு மினுக்குகிற பக்கம்தான் மூஞ்சி என்று சார் தீர்ப்புச் சொல்ல, விளக்கோ பின்பக்கத்தில்தான் இருந்தது. நன்றாகத் துடைக்க வேண்டுமென்று கேபிளையெல்லாம் பிடுங்கச் சொன்னார். எங்கள் சீனியர் கிரிஸ் அண்ணன் முழங்கை வரை சட்டையை மடித்துவிட்டார். அவர் சர்ச்சுக்குப் போகிறவர், ஆனால் பொரி கடலை என்றால் எந்தப் பூஜைக்கும் முன்வரிசை. நான் மெதுவாக, "அண்ணா, பிடுங்கறதுக்கு முன்னாடி ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?" என்றேன். என் குரல்தான் உங்களுக்குத் தெரியுமே, எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். "போட்டோவா? ஏ, சும்மா இருமா! இந்தப் பெட்டிகூட குடும்பம் நடத்தாத குறை. கேபிள்ல சீட்டு ஒட்டியிருக்கு பாரு, 0/0, 1/0, 3/1. எடுத்த மாதிரியே மாட்டிருவேன்" என்று சொல்லிக்கொண்டே வெண்டைக்காய் பறிக்கிற மாதிரி பறித்துவிட்டார்.

மாட்டுகிற நேரத்தில் விஜய்குமார் சார் கண்ணில் அந்த 0/0 பட்டது. "ஏன் குரு, இது என்ன சைபர்?" என்றார். யாரைக் கூப்பிட்டாலும் அவருக்குக் குருதான். கிரிஸ் அண்ணன், "ஸ்லாட் நம்பர் சார், சைபர்லதான் ஸ்டார்ட் ஆகும்" என்றார். சார் முகம் மாறிவிட்டது. "வருசத்துக்கு ஒரு பூஜே பண்றோம், சைபருக்கா பண்றது? வியாபாரம் எப்பிடி உருப்படும்? மலையில குப்புசாமி என்ன சொன்னாரு கொத்தா, தெரியுமா? ஆகாத நம்பரை எடுத்துட்டா பாதி கஷ்டம் ஹோய்த்து, போயே போச்சு! அவரு லாட்ஜுல எட்டாம் நம்பர் ரூமே இல்ல, ஏழுக்கு அப்புறம் ஒம்பது. ரூம் என்னைக்காவது காலியா இருந்து பாத்திருக்கியா?"

ஆமாம் மாமா, நீங்கள் சரியாகத்தான் படிக்கிறீர்கள். இந்தக் கதையின் விதை உங்கள் லாட்ஜ் வரவேற்பு மேசையில் போடப்பட்டது. அமாவாசைக்கு அமாவாசை அவர் மலைக்கு வரும்போது நீங்கள் டீ வாங்கிக் கொடுத்துச் சொன்ன தத்துவம் அது. உங்கள் லாட்ஜில் எட்டாம் அறையைத் தேடி ஒரு சேலத்துக் குடும்பம் ஒரு முழு அமாவாசையும் மாடிப்படியில் ஏறி இறங்கிக்கொண்டிருந்ததை நீங்கள் அவரிடம் சொல்லவில்லை போலிருக்கிறது.

சார் உடனே போய்த் தங்க நிறத்தில் எண் ஸ்டிக்கர் வாங்கி வரச் சொன்னார். வீட்டுக் கதவில் ஒட்டுவார்களே, அது. மாடி இடது மூலையில் 1, மாடி வலது 2, கீழே இடது 3, கீழே வலது 4 என்று தன் கையாலேயே ஒட்டினார். ஒட்டிவிட்டுக் கொஞ்சம் தள்ளி நின்று, கிரகப்பிரவேச வீட்டைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். போர்ட் எண்களிலும் சைபர் வருகிறதே சார் என்று கிரிஸ் அண்ணன் தலையைச் சொறிந்தபோது, "கடைசில வந்தா தோஷம் இல்ல. பத்து, நூறு, கோடி எல்லாத்துக்கும் கடைசில சைபர்தானே? முன்னாடி வந்தாத்தான் ஆகாது" என்றார். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் தலையை ஆட்டினார்கள். அதில் இரண்டு பேர் எம்.டெக். பிறகு ஒவ்வொரு கார்டின் நெற்றியிலும் விபூதி மூன்று கோடு, நடுவில் குங்குமம். போர்ட்டுக்கு மேலே பொடி எழுத்தில் எண் அச்சடித்திருக்கிற இடம்தான் நெற்றி என்று முடிவானது.

சீட்டுப் பார்த்து மாட்டினார்கள். கீழ்த்தளத்துக் கேபிள்கள் மாடிக்கு ஏறின, மாடிக் கேபிள்கள் கீழ்த்தளத்துக்கு இறங்கின. கடைசியில் 0/0 என்று சீட்டு ஒட்டிய ஒரே ஒரு கேபிள் மிஞ்சியது. அதுதான் தலைவாசல். அதற்கு வீடு இல்லை, ஏனென்றால் சைபரை எடுத்துவிட்டோம். சார் அதைக் கையில் வாங்கிப் பார்த்து, "எக்ஸ்ட்ரா. பத்திரமா வை" என்றார். கிரிஸ் அண்ணன் அதைச் சுருட்டி, பூஜை மஞ்சள் நூலால் கட்டி, சேவந்திப் பூமாலைக்குப் பின்னால் தொங்கவிட்டார். மொத்த ஆபீசும் உலகத்தோடு பேசுகிற கயிறு, பூசணிக்காய்க்குப் பக்கத்தில் விரதம் இருக்க ஆரம்பித்தது. நான் "சார், அது..." என்றேன். அப்போது பார்த்துத்தானா தேவம்மா பூசணிக்காயைப் போட்டு உடைக்க வேண்டும்? எல்லாரும் கைதட்டினார்கள். எனக்கும் ஒரு கை பொரி கொடுத்தார்கள். சாப்பிட்டேன் மாமா, வேறென்ன செய்ய.

விஜயதசமி முடிந்து ஆபீஸ் திறந்தது. நாங்கள் ஆஸ்பத்திரிகளுக்கு இன்சூரன்ஸ் பில் அனுப்பிக் கொடுக்கிற ஆபீஸ். நெட் இல்லாவிட்டால் நோயாளி குணமாகியும் வீட்டுக்குப் போக முடியாது. நாலு பக்கமிருந்தும் போன். கிரிஸ் அண்ணன் பெட்டியை அணைத்தார், போட்டார், அணைத்தார், போட்டார், நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு மறுபடி போட்டார். கடைசியில் சாரே பெங்களூரில் இருக்கிற உதவி மையத்துக்கு ஸ்பீக்கரில் போன் போட்டார். அந்தப் பையன், "சார், ஸ்லாட் சைபர்ல லைட் எரியுதா பாருங்க" என்றான். சார் கம்பீரமாக, "நம்மகிட்ட சைபர் இல்லப்பா, எடுத்துட்டோம்" என்றார். அந்தப் பக்கம் ஏதோ கீழே விழுகிற சத்தம் கேட்டது. பிறகு, "எடுத்துட்டீங்களா? எடுத்து எங்க சார் வெச்சிருக்கீங்க?" என்று கேட்டான். சார் கிரிஸ் அண்ணனைப் பார்த்தார். கிரிஸ் அண்ணன் பூமாலையைப் பார்த்தார்.

அப்போதுதான் மாமா, எனக்கு எங்கிருந்து வாய் வந்ததோ தெரியவில்லை, "நான் மாட்டறேன்" என்று சொல்லிவிட்டேன். ஹாலே திரும்பிப் பார்த்தது. இந்தப் பொண்ணு பேசுமா என்கிற பார்வை. சார், "யாரு, மலை குப்புசாமி ஹுடுகிதானே? மாட்டும்மா, மாட்டு" என்றார். நான் சேர்ந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. அவருக்கு நான் இன்னும் உங்கள் லாட்ஜில் தருகிற சோப்பு, துண்டு மாதிரி ஒரு உபரி. என் பெயர் அவருக்குத் தெரியாது. கேட்டதும் இல்லை, நானும் சொன்னதில்லை. மஞ்சள் நூலை அவிழ்த்து, கீழே வலது மூலையில் தலைவாசல் கேபிளைச் செருகினேன். மாடியையும் கீழ்த்தளத்தையும் இடம் மாற்றினேன். புத்தகத்தில் படித்தபடி, வலமிருந்து இடமாக ஒவ்வொரு போர்ட்டாக மாட்டிக்கொண்டு வந்தேன். பச்சை விளக்குகள் வரிசையாகக் கண் திறந்தன. போன்கள் அடங்கின. "பாத்தியா, சாமி கண்ணு தெறந்தாச்சு" என்று சார் சொல்ல, கிரிஸ் அண்ணன், "ஆய்த்து சார், ஆச்சு, நான்தான் மாட்டச் சொன்னேன்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்.

அதோடு முடிந்திருந்தால் நான் உங்களுக்கு மைசூர்பாக் அனுப்பியிருப்பேன். மத்தியானம் எங்கள் ஹாலில் ஒரு அதிசயம் நடந்தது. பயிற்சியில் இருப்பவர்களுக்கு ஆபீஸ் வேலைப் பக்கங்கள் தவிர வேறெதுவும் திறக்காது. திறக்கப் பார்த்தால் "பயிற்சி ஊழியர்களுக்கு இந்தப் பக்கம் அனுமதிக்கப்படவில்லை, வேலையைப் பார்க்கவும்" என்று சிவப்பில் வரும். அந்த வாசகம் சாரே சொல்லிச் சொல்லி எழுதவைத்தது. அன்றைக்குப் பக்கத்து சீட் நிம்மி என் காதில், "ஏய், எனக்குப் பாட்டு ஓடுதுடி! சேலை கடை திறக்குது! எல்லாம் திறக்குதுடி!" என்றாள். அதே நேரம் சார் அறையிலிருந்து, "கிரிஸ்! நெட் ஸ்லோவாப்பா?" என்று குரல் வந்தது. நான் தண்ணீர் பிடிக்கப் போகிற சாக்கில் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். சாரின் திரை முழுக்கச் சிவப்பு. சார் தினமும் காலையிலிருந்து சாயங்காலம் வரை போகாதி பக்கம் வீட்டுமனை விளம்பரமும் கிரிக்கெட் மேட்சும்தான் பார்ப்பார், அது ஊரறிந்த விஷயம். ஆனால் எந்தப் பக்கம் திறக்கவில்லை என்று அவரால் யாரிடமும் சொல்ல முடியாது. கிரிஸ் அண்ணன் வந்து பெட்டியைப் பார்த்து, "லைட் பச்சை சார், எல்லாம் சரி" என்றார்.

மூன்றாம் ஸ்லாட்டில் சார் அறையும் எங்கள் ஹாலும் எப்படியோ இடம் மாறிவிட்டன என்று எனக்குப் புரிகிறது. அந்தத் தடை ஆளுக்கு இல்லை, போர்ட்டுக்குத்தான். நடுவில் இருக்கிற மீட்டிங் ரூமுக்கு ஒன்றும் ஆகவில்லை. நடுவில் இருப்பவர்களுக்கு யார் எந்தப் பக்கமிருந்து எண்ணினாலும் ஒன்றும் ஆவதில்லை. ஆனால் எப்படி மாறியது, எங்கே மாறியது என்று மாதேஸ்வரன் ஆணையாக எனக்குத் தெரியவில்லை மாமா. நான் புத்தகத்தில் இருக்கிறபடி வலமிருந்துதான் மாட்டினேன். அந்தக் கார்டில் எண் அச்சடித்த இடத்தில் விபூதி இருக்கிறது. பூஜைப் பொட்டை நான் எப்படித் துடைப்பேன்?

காலையில் அரை நாள் ஆபீஸ் நின்றதற்குத் தலைமை அலுவலகத்துக்கு யாரையாவது காட்ட வேண்டுமே. பூசணிக்காயைக் காட்ட முடியாது, சைபரைக் காட்ட முடியாது. "கடைசியா தொட்டது யாரு?" என்று சார் கேட்டார். "அந்தப் பொண்ணுதான் சார்" என்று கிரிஸ் அண்ணன் சொன்னார். பொய் இல்லை. 'பயிற்சி ஊழியர் ஒருவரின் கவனக்குறைவு' என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். பெயர் தெரியாததால் பெயர் எழுதவில்லை. உங்கள் நம்பர் அவரிடம் இருந்ததால், மறுநாள் காலை உங்களுக்கும் போன் வந்தது.

இதில் என் தப்பு என்ன, நீங்களே சொல்லுங்கள். என்னை நிரந்தரம் செய்கிற ஃபைல் ஆடியிலிருந்து சாரின் கம்ப்யூட்டரில் ஒப்புதலுக்காகக் கிடக்கிறது. மனை பார்க்கிற அவசரத்தில் அவர் அதைத் திறக்கவே இல்லை. நீங்கள்தான் அவருக்குப் போன் செய்து, இது வாயில்லாப் பிள்ளை, எதையும் தொடாத பிள்ளை, சொன்னதைத் தவிர வேறெதுவும் செய்யத் தெரியாத பிள்ளை என்று எடுத்துச் சொல்ல வேண்டும். அப்பாவிடம் தைப்பொங்கல் வரை தவணை வாங்கித் தர வேண்டும். அதற்கும் வழியில்லை என்றால் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிடுகிறேன். உதயகுமாரின் டிராக்டரில் எத்தனை கியர், அது சைபரில் தொடங்குமா ஒன்றில் தொடங்குமா என்று கற்றுக்கொள்கிறேன். நம் வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் அதற்காவது பயன்படட்டும்.

அத்தையின் முழங்காலுக்கு என் வணக்கம். தம்பி தங்கைகளுக்கு அன்பு. எட்டாம் நம்பர் அறைக்கும் என் ஆறுதலைச் சொல்லுங்கள்.

என்றும் தங்கள் சொல்லைத் தட்டாத,
மனிஷா.

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் ஒரு விஷயம் நடந்துவிட்டது, ஆகையால் மேலே எழுதியதில் பாதியை மறந்துவிடவும். அந்தக் கார்டு எந்தப் பக்கமிருந்து எண்ணுகிறது என்று எனக்கு அன்று சாயங்காலமே தெரியும். தேவம்மாவிடம் ஈரத்துணி வாங்கி, சாமியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு விபூதியைத் துடைத்துப் பார்த்தேன். வேறு ஆபீசிலிருந்து வந்த கார்டு அல்லவா, அது மட்டும் நம்மைப் போல இடமிருந்து வலம். இரண்டு கேபிளை மாற்றி மாட்டினால் போதும், சரியாகிவிடும். மாற்றத்தான் கை போனது. அப்போது கண்ணாடி வழியாகப் பார்த்தேன். மனையும் திறக்காமல், மேட்சும் திறக்காமல், சிவப்பையே பார்த்துப் பார்த்து அலுத்துப்போய், விஜய்குமார் சார் வேறு வழியில்லாமல் ஆபீஸ் வேலையைத் திறந்திருந்தார். நான் கையை எடுத்துக்கொண்டு, துடைத்த இடத்தில் மறுபடி விபூதியைப் பூசிவிட்டேன். அன்றிலிருந்து அவர் தேங்கிக் கிடந்த ஃபைலையெல்லாம் வரிசையாகத் தட்டித் தள்ளிக்கொண்டிருக்கிறார். இன்று காலை க. மனிஷா என்கிற பெயர் வந்திருக்கிறது. யார் என்னவென்று கேட்காமல் ஒப்புதல் போட்டுவிட்டார். ஆர்டர் என் கையில் இருக்கிறது மாமா. உதயகுமார் வீட்டுக்கு நல்ல இடமாக வேறு பார்க்கச் சொல்லிவிடுங்கள். கேபிளை இப்போதைக்கு மாற்றுவதாக இல்லை, நிம்மியின் ஃபைல் இன்னும் அந்த வரிசையில் நிற்கிறது. சாருக்குப் போன் செய்ய வேண்டாம். செய்யாமல் இருக்க முடியாது என்றால், ஹுடுகி எப்படி இருக்கிறாள் என்று மட்டும் கேளுங்கள். என் பெயரை மட்டும் அவரிடம் சொல்லிவிடாதீர்கள்.